ஏழாவது போட்டோ

மூன்று நாளாக லீலா வீட்டுக்குப் போகவில்லை. போட்டிருந்த யூனிபார்மில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. ‘மகளிர் காவலர் ஓய்வறை’ என்று போர்டு மாட்டிய அறையில் பாதியைக் கேஸில் பிடித்த சைக்கிள்கள் அடைத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில்தான் அவள் பாய் விரித்துப் படுத்தாள். திரும்பிப் படுத்தால் பெடல் குத்தும்.

எல்லாம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. பிரேக் கம்பெனியில் பிரஸ் மெஷின் அந்தோணிராஜின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அவன் கான்ட்ராக்ட் பையன், எங்கள் ஆளே இல்லை என்றது கம்பெனி. இருநூறு பையன்கள் கேட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். மதியம்வரை சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்மேல் லத்தி விழுந்தது. பதிலுக்குக் கல் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கண்ணாடி போயிற்று.

விரல் போனதற்கு வழக்கு இல்லை. கண்ணாடி போனதற்கு உண்டு.

அந்த எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேரின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே வழக்கமான ஒரு வரி: ‘மற்றும் பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய முப்பது பேர்.’ ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். யாரை வேண்டுமானாலும், என்றைக்கு வேண்டுமானாலும் அதற்குள் தள்ளிக்கொள்ளலாம்.

அந்த இருநூறு பேரில் தன் தம்பி ஸ்ரீதரும் இருந்தானா? மூன்று நாளாக லீலாவைத் தின்றுகொண்டிருந்த கேள்வி இதுதான். அவனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை இல்லை. அவன் டயர் கம்பெனியில் இரண்டு வருஷமாக டிரெய்னி. இந்த மாதம் பர்மனென்ட் ஆக வேண்டும். அதற்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அந்தக் காகிதம் இதே ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் மேஜையின் வலதுபக்கக் காகிதக் கட்டுக்குள் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

ஆனால் அந்தோணிராஜ், அவர்கள் வீட்டையொட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் அறை ஒன்றில் குடியிருப்பவன். ஸ்ரீதரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன். போகாமல் இருந்திருப்பானா?

காலை ரோல்கால் முடிந்ததும் லீலா ரைட்டர் மேஜைக்குப் போனாள்.

“ஏட்டய்யா, ஒரு ரெண்டு மணி நேரம் பர்மிஷன் வேணும். வூட்டுக்குப் போயி குளிச்சுட்டு வந்துடறேன்.”

ஸ்டேஷன் ரைட்டரான ஏட்டு வனமாமலை தெற்கத்திக்காரர். பதினெட்டு வருஷம் இந்தப் பக்கம் வேலை பார்த்தும் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை.

“எங்கிட்டக் கேட்டு என்ன பிள்ளே ஆவப்போவுது? அய்யா வரட்டும். நான் ஊருக்குப் போயி ஒண்ணரை மாசமாச்சு. போன் போட்டா எம் பொஞ்சாதி ‘யாரு பேசுதது’ன்னு கேக்கா.”

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே ஆல்பமும் வந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தைப் படம் எடுத்தவர் கல்யாண வீடுகளுக்குப் போகும் ஸ்டூடியோக்காரர். ஸ்டேஷன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆல்பத்தின் அட்டையில் இரண்டு கைகள் கூப்பி, ‘நல்வரவு’ என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே லத்தியும் ரத்தமும்.

“என்னய்யா இது, சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கிற மாதிரி?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இந்த அட்டைதான் சார் ஸ்டாக் இருந்துச்சு” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“லீலா, இங்க வாம்மா. நீ வடக்குப்பட்டுதானே? பார்த்துச் சொல்லு. வனமாமலை, எழுதிக்கய்யா.”

அவள் மேஜைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள்.

முதல் போட்டோவில் சேரப்பணஞ்சேரிப் பையன் ஒருவன். எட்டாம் வகுப்புவரை அவள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன். நன்றாகத் தெரியும்.

“தெரியலைங்கய்யா.”

இரண்டாவது, அவள் அப்பாவோடு ஏர் பூட்டிய வீட்டுப் பேரன்.

“தெரியலைங்கய்யா.”

மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. தெரியலைங்கய்யா. தெரியலைங்கய்யா. இவர்களைக் காட்டிக்கொடுக்கவா அப்பா கடன்பட்டு பி.ஏ. படிக்க வைத்தார்?

இன்ஸ்பெக்டர் ஆல்பத்தை மூடினார். மெதுவாக, கோபமே இல்லாமல் பேசினார். அவர் கத்தும்போதுகூட லீலாவுக்குப் பயமில்லை. இப்படிப் பேசும்போதுதான் பயம்.

“இந்த மண்ணுல பொறந்து வளர்ந்தவ. ஒருத்தனைக் கூடவா தெரியாது? சரிம்மா. உன் தம்பி சர்டிபிகேட் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நானும் ‘இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியலை’ன்னு எழுதிடட்டுமா?”

வனமாமலை பேனா மூடியைத் திருகிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார்.

“அடுத்ததைப் பாரு” என்று ஆல்பத்தைத் திறந்து தள்ளினார் இன்ஸ்பெக்டர்.

ஏழாவது போட்டோ.

முகத்தில் மூக்குவரை கர்சீப். கை தலைக்கு மேலே. கையில் கல். உடம்பு பாதி திரும்பியிருந்ததால் ஊர் உலகத்தில் யாராலும் அடையாளம் சொல்ல முடியாது, லீலாவைத் தவிர. அந்தப் பழுப்புக் கட்டம் போட்ட சட்டையை வாலாஜாபாத்தில் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தவள் அவள். தோள்பட்டையில் பிரிந்த தையலை வேறு நூல் கிடைக்காமல் கறுப்பு நூலால் போட்டவளும் அவள். தையல் போட்டோவில் தெரிந்தது.

“இது?”

வாய் தானாகத் திறந்தது.

“இசக்கிபாண்டிங்கய்யா. தகப்பன் பேரு கொம்பையா. சங்கரன்கோயில் பக்கம். எங்க வூட்டு லைன்ல நாலாம் நம்பர் ரூம்ல குடியிருந்தான்.”

ஏன் அந்தப் பெயர்? அதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. போலீஸ்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு. இசக்கிபாண்டி பங்குனியிலேயே அறையைக் காலி செய்தவன். “சவுதிக்குப் போவுதேன்க்கா” என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனவன். நாட்டில் இல்லாதவனை யார் பிடிப்பார்கள்? ‘தலைமறைவு’ என்று எழுதுவார்கள். இரண்டு தடவை தேடிப் போனதாக டைரியில் குறிப்பார்கள். அப்புறம் கேஸ் கட்டு தூசி படிந்து கிடக்கும். யாருக்கும் சேதமில்லை. ஸ்ரீதருக்கும் இல்லை, பாண்டிக்கும் இல்லை.

வனமாமலையின் பேனா நின்றது.

“சங்கரன்கோயிலா? நம்ம பக்கத்துப் பயலா?”

“ஆமாங்கய்யா.”

அவர் எழுதினார். லீலா கீழே கையெழுத்துப் போட்டாள்.

“பாத்தியா, இப்ப வருதுல்ல?” இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்தது. “போ, வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வா. ரெண்டு மணிக்கு வாசல் பாரா உனக்கு.”

அவள் வாசலைத் தாண்டும்போதே கோர்ட் டியூட்டிக் காவலர் அந்தக் காகிதத்தைக் கவரில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார்.

*

ஷேர் ஆட்டோவில் ஆறு பையன்கள் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் காக்கிப் புடவை ஏறியதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். மரியாதைக்கு இல்லை. பக்கத்தில் உட்கார அவனுக்குப் பிடிக்கவில்லை. லீலாவுக்குப் புரிந்தது. தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள்.

வீட்டில் அப்பா சுப்பிரமணி இல்லை. செக்யூரிட்டி டியூட்டிக்குப் போயிருந்தார். அம்மா கிளியம்மாள் பின்கட்டில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஸ்ரீதர் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அக்காவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“இன்னாத்துக்குடா போனே அங்க?”

“எங்க?”

“நடிக்காத. போட்டோ கீது.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். “அந்தோணி விரலைப் பாலிதீன் கவர்ல போட்டு எடுத்துகினு போனாங்கக்கா. ஆஸ்பத்திரில லேட்டாயிடுச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்தக் கவரை நான் கையில வச்சிருந்தேன். நான் போவாம யாரு போறது?”

“போனே, சரி. கல்லு வுட்டியா?”

“வுட்டேன். நீங்க அடிச்சீங்க, நாங்க வுட்டோம்.”

“நான் ஒருத்தனையும் அடிக்கல.”

“லத்தி வச்சிகினு நின்னே இல்ல?”

தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தலைமுடி ஒரே சிக்காகக் கிடந்தது.

“இதோ பாரு ஸ்ரீதர். மூஞ்சி சரியா தெரியல அதுல. உன் பேரு வராது. நான் பாத்துகினேன். நீ செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பு. அடுத்த வாரம் சர்டிபிகேட் வந்துடும்.”

“இன்னா பாத்துகினே?”

“பாத்துகினேன்னா பாத்துகினேன். வுடு.”

“யக்கா.” அவன் குரல் இறங்கியது. “என்னைத் தெரியலன்னு சொன்னியா? இல்ல, வேற எவன் பேரையாவது சொன்னியா?”

மூன்று நாள் தூங்காத அலுப்பு. பொய் சொல்லத் தெம்பில்லை.

“நம்ம நாலாம் நம்பர் பாண்டி பேரைச் சொன்னேன். அவன்தான் சவுதில கீறானே. அவனை எவன் புடிக்கப்போறான்?”

பின்கட்டிலிருந்து கிளியம்மாளின் குரல் வந்தது.

“எந்தப் பாண்டி? சவுதியா? அவன் எங்கடி சவுதிக்குப் போனான்? ஏஜென்ட்டு ஏமாத்திட்டான்னு ரெண்டு மாசமா ஊர்லதான் கெடந்தான். காத்தாலதான் வந்தான்.”

லீலா திரும்பினாள்.

“இங்கியா?”

“ஆமா. இப்ப அவனே சொந்தமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுகீறான். ஒரு வருசத்துக்கு மேல இங்க குடியிருந்தான் இல்ல, அதனால நம்ம விலாசத்தையே குடுத்துட்டானாம். உங்கப்பாதான் லெட்டர் எழுதிக் குடுத்தாரு. போலீஸ் விசாரணைக்கு வரச் சொல்லி நம்ம வூட்டுக்குக் காயிதம் வந்துது. நான்தான் எஸ்.டி.டி. போட்டு அவங்க ஊருக்குச் சொன்னேன். அது பாவம், ராத்திரியெல்லாம் பஸ்ல நின்னுகினே வந்துகீது. மத்தியானம் சாப்புடத்தான் கொழம்பு வைக்கிறேன்.”

“எங்க அவன்?”

“ஸ்டேசனுக்குத்தான் போனான். ‘அக்கா அங்கதான இருப்பாவ, எனக்கென்ன பயம்’னு சொல்லிட்டுப் போனான். நீ வழில பாக்கலியா?”

“யம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ வூட்டுக்கு வந்தாத்தானேடி சொல்றது! மூணு நாளா எந்தத் தெசைல கீறன்னு தெரியாம நான்…”

லீலா குளிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஸ்ரீதர் செருப்பைத் தேடினான்.

“நானும் வரேன்.”

“நீ வந்தே, என் பொணத்தைத்தான் பாப்பே. யம்மா, இவனை வெளிய வுடாத. புடிச்சி வை!”

“இன்னா நடக்குது இந்த வூட்ல? எவனாவது சொல்லுங்களேன்!” என்று கரண்டியோடு நின்றாள் கிளியம்மாள்.

*

லீலா ஸ்டேஷனுக்குள் நுழையும்போது மணி ஒன்றே முக்கால்.

ரைட்டர் மேஜைக்குப் பின்னால் சுவரோரம், தரையில் உட்கார்ந்திருந்தான் இசக்கிபாண்டி. சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். வரும்போது தண்ணீர் தொட்டு வாரிய தலை கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. திருநீறு மட்டும் அப்படியே இருந்தது. இடது கன்னத்தில் நான்கு விரல்கள் சிவப்பாக.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது.

“யக்கா! வந்துட்டியளா! என்னமோ தப்பா எடுத்துட்டாவக்கா. பாஸ்போர்ட்டுக்குன்னு வந்தேன். பேரைக் கேட்டாவ, சொன்னேன். அப்பா பேரைக் கேட்டாவ, சொன்னேன். உடனே சட்டையைக் கழத்துங்காவ. நீங்க சொல்லுங்கக்கா, நான் யாருன்னு.”

யாருன்னு. அதைத்தானே அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாக இருந்தார்.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு அக்யூஸ்டை நான் பார்த்ததில்லை. ஜீப்பை உடைச்சுட்டு, மூணாம் நாள் பாஸ்போர்ட் என்கொயரிக்கு வந்து பவ்யமா நிக்கிறான்யா! லீலா, உன் ஆள்தானே?”

“அய்யா, இவன் பங்குனியிலியே ரூமைக் காலி பண்ணிட்டான். இன்னிக்குக் காலையிலதான் ஊர்லேருந்து வந்திருக்கான்.”

“டிக்கெட் எங்கன்னு கேட்டேன். தூக்கிப் போட்டுட்டானாம்.”

“பஸ் டிக்கெட்ட யாருக்கா வச்சிருப்பா?” என்றான் இசக்கிபாண்டி தரையிலிருந்து.

“மூடுடா வாயை.”

லீலா ஒரு அடி முன்னால் வந்தாள். “அய்யா… அந்தப் போட்டோல இருக்கறது இவன்தானான்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்குங்கய்யா. அவசரத்துல சொல்லிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடியும் அந்த மெதுவான குரல்.

“கோர்ட்டுக்குப் போயிடுச்சும்மா. உன் கையெழுத்தோட போயிடுச்சு. பரவாயில்லை, ஆள் மாறிடுச்சுன்னா மாத்தி எழுதி அனுப்ப வழி இருக்கு. இவன் இல்லேன்னா, அது வேற யாரு? அந்தப் பேரைச் சொல்லு. இவனை இப்பவே சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்றேன்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இசக்கிபாண்டி ஆவலாக அவள் வாயையே பார்த்தான். அக்கா சொல்லப்போகிறாள் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. அடித்த கையைவிட அந்தப் பார்வைதான் அவளை அடித்தது.

ஒரு பெயர். மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ. சொன்னால் தம்பியின் வேலை போகும். வேலை மட்டுமா? ‘அரசு ஊழியரைத் தாக்கியது’ என்று ஒரு செக்‌ஷன் ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் எந்தக் கம்பெனியின் கேட்டும் அவனுக்குத் திறக்காது. சொல்லாவிட்டால் அதே எல்லாம் இவனுக்கு.

லீலா முன்னால் வைத்த அடியைப் பின்னுக்கு எடுத்தாள்.

“அவ்வளவுதானே? போ, பாராவுக்கு நில்லு” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். வைகாசி வெயில் தார் ரோட்டில் கொதித்தது. எதிரே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் சுவர் அதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வனமாமலை வெற்றிலை துப்ப வெளியே வந்தார். துப்பிவிட்டுப் போகவில்லை. அவள் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஆறு போட்டோவுக்குத் தெரியல, தெரியலன்னே. ஏழாவதுக்கு மட்டும் அப்பன் பேரு, ரூம் நம்பரு எல்லாம் மளமளன்னு வந்துச்சு. அப்பவே நெனைச்சேன்.”

“ஏட்டய்யா…”

“அது யாருன்னு நான் கேக்க மாட்டேன் பிள்ளே. கேட்டா எனக்கும் தெரிஞ்சிரும். ஆனா எழுதுனது எங் கையி. நம்மூர்ப் பயலை எங் கையாலயே எழுதிட்டேன்.” அவர் இல்லாத தூசியைத் தட்டுவதுபோல் பேன்ட்டைத் தட்டினார். “ஆறு மணிக்கு ரிமாண்டுக்குக் கொண்டு போறாவ. அதுவரைக்கும்தான் டயம்.”

அவர் உள்ளே போய்விட்டார்.

மூன்று மணி. மூன்றரை. கால் மாற்றி நிற்கக்கூட மறந்து நின்றாள் லீலா. இப்போதே உள்ளே போய்ச் சொல்லிவிடலாம். இதோ. அடுத்த லாரி போனதும். அதற்கடுத்தது போனதும்.

லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நான்கு மணிக்கு லாரிகளுக்கு இடையே ஒரு சைக்கிள் ரோட்டைக் கடந்து வந்தது.

ஸ்ரீதர். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டுப் படியேறினான். சட்டை முழுக்க வியர்வை.

“போயிடு” என்றாள் லீலா, உதடு அசையாமல். “செகண்ட் ஷிப்ட்டு ஆரம்பிச்சிருக்கும். போயிடு.”

“அவன் உள்ள கீறான். நான் ஷிப்ட்டுக்குப் போறதா? வழி வுடுக்கா.”

“யம்மா எப்படி வுட்டாங்க உன்னை?”

“அம்மாதான் போடான்னு சொல்லிச்சு. கொழம்பை எறக்கி வச்சுட்டு அழுதுகினு கீது. வழி வுடு.”

லீலா ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவன் நெஞ்சில் வைத்துத் தடுத்தாள். அவன் அந்தக் கையை எடுக்கவும் இல்லை, பின்னால் நகரவும் இல்லை.

“ரெண்டு வருஷம்டா. ரெண்டு வருஷம் டயர் ஓவன் முன்னாடி வெந்தே. கெஞ்சிக் கேக்கறேன். சாயந்தரத்துக்குள்ள நானே ஏதாவது பண்றேன்.”

“இன்னா பண்ணுவே? இன்னொருத்தன் பேரைச் சொல்லுவியா?”

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. “யாரும்மா அது வாசல்ல?”

“யாருமில்லைங்கய்யா” என்றாள் லீலா. அவள் குரல் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. “வழி கேட்டு வந்திருக்காங்க.”

ஆனால் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த இடத்திலிருந்து வாசல் நேராகத் தெரிந்தது. மூன்று மணி நேரத்தில் முதல்முறையாக இசக்கிபாண்டி சத்தமாகச் சிரித்தான்.

“ஏல ஸ்ரீதரு! வந்துட்டியால! சார், சார், அவன்ட்ட கேளுங்க சார்! இந்த அக்கா தம்பிதான் சார் அவன். நாங்க எல்லாம் ஒண்ணா ஒரே ரூம்புல கெடந்தவம்லா. திங்கக்கெழமை நான் இங்க இல்லன்னு அவன் சொல்லுவான் சார்! யார் யார் இருந்தாவன்னு அவனுக்குத் தெரியும் சார்!”

உள்ளே நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

லீலாவின் கை இன்னும் தம்பியின் நெஞ்சில்தான் இருந்தது. அந்தக் கைக்குக் கீழே, பேசுவதற்காக அவன் மூச்சை இழுப்பது அவளுக்குத் தெரிந்தது.